முன்கூட்டியே போட்ட கையெழுத்து

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசற்படி வரைக்கும் நின்றது. விபத்து அறிக்கையின் நகல் வேண்டும் என்று ஒருவர், கைப்பை தொலைந்ததற்குச் சான்று வேண்டும் என்று ஒருவர், மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, அவன் மேல் எந்த வழக்கும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று ஓர் அம்மா. வாய் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மனசு மட்டும் ரோட்டில் கிடந்தது. இன்றைக்குத்தான் அவள் வீட்டுக்காரர் முதல் தடவையாகப் பெரிய ரோட்டில் கார் ஓட்டப் போகிறார்.

நகரப் போலீஸின் ஆவணப் பிரிவு என்றால் ஏதோ மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஒரு ஜன்னல், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, பின்னால் ஒரு போன் அறை, சுற்றிலும் இரும்பு அலமாரிகள். அவ்வளவுதான். ஜன்னல் பொதுமக்களுக்கு, போன் போலீஸ்காரர்களுக்கு. ரோந்து போகிறவர்கள் ரோட்டில் ஒரு ஆளையோ வண்டியையோ நிறுத்தினால் முதலில் கூப்பிடுவது இந்தப் போனைத்தான். இந்த ஆள் மேல் பிடியாணை இருக்கிறதா, இந்த வண்டி திருட்டு வண்டியா என்று கேட்பார்கள். இங்கிருந்து போகிற பதிலை வைத்துத்தான் ஒருவர் வீட்டுக்குப் போவதும் லாக்கப்புக்குப் போவதும்.

ஜன்னலில் உட்காருகிறவள் என்பதால் இவளை எல்லாரும் ஜன்னலக்கா என்பார்கள். உள்ளே இருப்பவள் போனக்கா. அந்தப் போனக்கா இவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. உறவு முதலில் வந்து வேலை பிறகு வந்தது என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மற்றவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பெண் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த அம்மாள் வருடக்கணக்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து இவள் வேலை செய்வதைப் பார்த்து, எடைபோட்டு, அதற்கப்புறம்தான் தம்பிக்குப் பெண் கேட்டாள்.

அப்படிப்பட்ட இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

காரணம் கார். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடைக்குள் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையையும் ஒரு வேனையும் கொடுப்பதாகக் கம்பெனி சொன்னது. லைசென்ஸ் வேண்டும். இவள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டாள். நாத்தனாருக்குத் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. அவர்கள் அப்பாவைக் காவு வாங்கியது ரோடுதான். அதற்குப் பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். போதாக்குறைக்குப் பகலெல்லாம் போனில் விபத்துச் செய்தியாகக் கேட்கிறவள்.

"அவன் சுபாவம் எனக்குத் தெரியும். யாராவது சத்தம் போட்டாலே உறைஞ்சு நின்னுடுவான். அவனை ரோட்டுக்கு அனுப்பறியே, உனக்கு நெஞ்சு இருக்கா?" என்றாள் நாத்தனார், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்.

"நீங்க பொத்திப் பொத்தி வளர்த்ததாலதான் அண்ணி அவர் உறைஞ்சு நிக்கறார்" என்றாள் இவள். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதானே! நாத்தனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அன்றோடு பேச்சு அறுந்தது.

வீட்டில் பேசாமல் இருப்பது ஒன்றும் புதிதில்லை, எத்தனையோ குடும்பங்களில் அது பாட்டுக்கு நடக்கும். ஆபீஸில் பேசாமல் இருப்பதுதான் சிக்கல். திருட்டுப்போன வண்டி கிடைத்துச் சொந்தக்காரர் எடுத்துப் போகும்போது, திருட்டு வண்டிப் பட்டியலிலிருந்து அதன் எண்ணை எடுக்க வேண்டும். ஒருத்தி கம்ப்யூட்டரில் எடுப்பாள். எண்ணை உரக்க வாசிப்பாள். இன்னொருத்தி கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து "ஆமா" சொல்லிக்கொண்டே வருவாள். பிறகு சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பாதிதான் சொந்தக்காரருக்குப் போகும். இதெல்லாம் தடுப்பில் இருக்கும் இடைவெளி வழியாகக் கத்திக் கத்தியே நடந்துகொண்டிருந்தது. "எடுத்தாச்சா?" "எடுத்தாச்சு!" வரிசையில் நிற்பவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

பேச்சு நின்றதும் இதற்கு இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிக்கவில்லை, பேசாமலேயே கண்டுபிடித்தார்கள், அதுதான் வேடிக்கை. ஒருநாள் நாத்தனார் ஒரு கட்டு வெற்றுச் சீட்டில் தன் கையெழுத்தை மட்டும் போட்டு இடைவெளி வழியாகத் தள்ளிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் இவள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று. இவளும் ரோஷத்தோடு கட்டு முழுக்கத் தன் கையெழுத்தைப் போட்டு வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து, இன்னும் திருடுபோகாத வண்டிகளுக்கும் கூடச் சரிபார்த்தாகிவிட்டது என்று இரண்டு பேரும் சாட்சி சொல்லியிருந்தார்கள்.

இன்று காலை முதல் ஆளாக வந்து நின்றவர் டிரைவிங் மாஸ்டர். திருடுபோன அவருடைய கார் ஒரு கிடங்குக்குப் பின்னால் கிடைத்திருந்தது. கூரை மேல் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைத் திருடன் பிடுங்கி எறிந்துவிட்டான், புதுப் பலகை சாயங்காலம்தான் வரும் என்றார். அதற்காக வகுப்பைத் தள்ளிப்போட முடியுமா, ஏற்கெனவே வாரக்கணக்கில் போய்விட்டது என்றார்.

"உங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு மெயின் ரோடும்மா. பயப்படாதீங்க. நல்லா வந்துட்டாரு" என்று சிரித்தார்.

அவள் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள், எண்ணை எழுதினாள், முத்திரை குத்தினாள், பாதியைக் கிழித்து மாஸ்டரிடம் கொடுத்தாள், மறுபாதியை இடைவெளியில் இருந்த தட்டில் போட்டாள். பின்னால் நின்ற ஆள் விபத்து அறிக்கையில் தன் தெருப்பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தார். அதோடு சரி. நாத்தனார் எடுத்துவிடுவாள் என்று இவள் நினைத்தாள். தட்டில் கிடந்த சீட்டில் இரண்டு கையெழுத்தையும் பார்த்த நாத்தனார், ஜன்னலிலேயே எடுத்தாகிவிட்டது என்று நினைத்து, முடிந்துபோன கட்டோடு சேர்த்து வைத்தாள். கார் பட்டியலிலேயே இருந்தது.

மதியத்துக்கு மேல் ஜன்னலில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததும் அவள் படபடப்பு கூடியது. வேலை இருக்கும்போது மறந்திருக்கலாம், வேலை இல்லாதபோது எங்கே போய் ஒளிந்துகொள்வது? கைபேசியை எடுத்துப் பார்த்தாள். ஓட்டிக்கொண்டிருக்கிறவரைக் கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. முத்திரையை எடுத்து வைத்தாள், மை போதுமா என்று பார்த்தாள், மறுபடியும் கைபேசியைப் பார்த்தாள்.

உள்ளே போன் அடித்தது. ஃபைல் எடுக்கக் கை வேண்டும் என்பதால் அந்தப் போன் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் இருக்கும்.

"மேடம், ஒரு வெள்ளைக் கார். ரெண்டு ஆம்பளைங்க. திருட்டு லிஸ்ட்ல காட்டுது. ஓரம் கட்ட வெச்சிருக்கோம். சரிபார்த்துச் சொல்லுங்க" என்று எண்ணையும் சொன்னது ஒரு ரோந்துக்காரரின் குரல்.

நாத்தனார் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, நிதானமாகத் திருப்பி வாசித்தாள். "ஆமா. லிஸ்ட்ல இருக்கு. திருட்டு வண்டிதான்."

"சரி மேடம். என் பார்ட்னர் துப்பாக்கியோட இறங்கிட்டாரு."

போன வாரம் ஒரு திருட்டு வண்டி போலீஸ்காரர் ஒருவரின் காலில் ஏறி இறங்கியதிலிருந்து, யாரும் சும்மா போய்க் கண்ணாடியைத் தட்டுவதில்லை.

இவள் கையில் முத்திரை அந்தரத்தில் நின்றது. அந்த எண். கார் தொலைந்த நாளிலிருந்து வீட்டுக்காரர் தினமும் ராத்திரி சாப்பிடும்போது அந்த எண்ணைச் சொல்லித்தானே கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்! அவளுக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. இன்று காலை தன் கையாலேயே எழுதியது வேறு.

"அண்ணி!" என்று கத்தினாள். "அண்ணி, வேண்டாம்னு சொல்லுங்க! அது திருட்டு வண்டி இல்ல!"

தடுப்புக்கு அப்பால் நாத்தனார் திரும்பியே பார்க்கவில்லை. வேலை நேரத்தில் என்ன கூத்து என்பதுபோலக் கையை மட்டும் வீசினாள்.

இவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினாள். கால் மேஜையில் இடித்தது. போன் அறைக்குள் இவள் நுழைந்தே வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

"அண்ணி, அது டிரைவிங் மாஸ்டர் வண்டி. காலையில நான்தான் கொடுத்தேன். உள்ள இருக்கறது உங்க தம்பி!"

நாத்தனாரின் முகத்தில் ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு ரத்தமெல்லாம் வடிந்துபோனது. ஆனால் எத்தனை வருட அனுபவம்! கை தானாகப் போனைப் பிடித்தது.

"சார், ரத்து. ரத்து. திருட்டு வண்டி இல்ல. சொந்தக்காரர்கிட்ட திருப்பிக் கொடுத்தாச்சு. உங்க பார்ட்னரைப் பின்னாடி வரச் சொல்லுங்க."

"என்ன மேடம், இப்பதான் ஆமான்னீங்க? ஸ்க்ரீன்ல இன்னும் காட்டுதே."

"தப்பு எங்க மேல. சொல்லுங்க அவர்கிட்ட!"

"அவர் காது ரோட்டுல இருக்கு மேடம். அந்த டிரைவர் கையைக் காட்டச் சொல்லிக் கத்திட்டே இருக்காரு. ஆளு அசைய மாட்டேங்கறான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடி உட்கார்ந்திருக்கான்." குரல் சட்டென்று மாறியது. "பக்கத்துல இருக்கறவன் குனியறான். முன்னாடி இருக்கற பெட்டியைத் திறக்கப் போறான்."

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காலையில் அவள் கிழித்துக் கொடுத்த பாதிச் சீட்டு. இது என் வண்டிதான் சார், இதோ பாருங்கள் என்று காட்டுவதற்காக நல்ல மனிதர் அதைத்தான் எடுக்கப் போகிறார். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? இவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க வண்டியில மைக் இருக்குல்ல?" என்றாள் நாத்தனார். "அதுல இந்தப் போனை வைங்க. நான் பேசறேன்."

"மேடம், அப்படியெல்லாம்..."

"வைங்கன்னு சொல்றேன்!"

ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு போனில் தெருவே கேட்டது. வாகனங்களின் இரைச்சல், யாரோ "கையைக் காட்டு, கையைக் காட்டு" என்று அடித்தொண்டையில் கத்துவது. நாத்தனார் வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவள் குரல் அந்த ரோடு முழுக்க மோதித் திரும்பி வந்து அவர்கள் காதிலேயே விழுந்தது.

"மாஸ்டர்! பெட்டியைத் தொடாதீங்க! கையை மேல தூக்குங்க!" ஒரு மூச்சு விட்டாள். "டேய் பூனை! அக்கா பேசறேன்டா."

கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் செல்லப்பெயரைச் சொல்லக்கூடாது என்று வீட்டுக்காரர் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இவளுக்கே அது ஒட்டுக்கேட்டுத்தான் தெரியும்.

"பூனை, பயப்படாத. ஸ்டீயரிங்ல இருந்து கையை எடு. ஒவ்வொரு விரலா எடு. அக்கா இங்கதான் இருக்கேன். எடுத்தியா? இப்ப ரெண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டு. நல்லா நீட்டுடா. அப்படியே இரு. அவங்க சொல்றதைக் கேளு. ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாதுடா கண்ணா."

நாத்தனாரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குரலில் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை. இவள் தன் கைகள் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கே தெரியவில்லை.

தெருச் சத்தம் தொடர்ந்தது. கத்தல் நின்றது. அது நின்றதுதான் இன்னும் பயமாக இருந்தது. கதவு திறக்கிற ஓசை, யாரோ ஓடுகிற ஓசை. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இவள் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாமல், கேட்கவும் முடியாமல் தவித்தாள்.

"மேடம்" என்றார் ரோந்துக்காரர் கடைசியில். "கையை நீட்டிட்டாரு. ரெண்டு பேரையும் இறக்கி முட்டி போட வெச்சுப் பார்த்தாச்சு. சீட்டு இருக்கு, சரியா இருக்கு. அனுப்பிடறோம். துப்பாக்கியைக் கீழ இறக்கின அப்புறம் என் பார்ட்னர்தான் ரோட்டோரத்துல உட்கார்ந்துட்டாரு."

போனை வைத்ததும் இரண்டு பேரும் அழுதார்கள். கட்டிக்கொண்டு அழவில்லை. அவள் அலமாரியில் சாய்ந்து அழுதாள், இவள் சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணை எடுத்தாள். முடிந்த கட்டிலிருந்த சீட்டை உருவி இவளிடம் நீட்டினாள். உரக்க வாசித்தாள். இவளுடைய "ஆமா" சரியாகவே வரவில்லை. நாத்தனார் விடவில்லை, முதலிலிருந்து மறுபடியும் வாசித்தாள்.

பிரிவு அதிகாரி எப்போதும் மீட்டிங்கில் இருப்பார், அதனால் அவருக்குப் பெயரே மீட்டிங் சார். அன்றும் மீட்டிங்கில்தான் இருந்தார். ஜன்னலில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இவள் போய் உட்கார்ந்து, எழுதி, முத்திரை குத்தினாள். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் எந்த முகத்தைப் பார்த்தாலும் அழுகை வரும்போல இருந்தது.

ஜன்னல் சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் வரிசையில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எல்லாரையும்போல முறை வரும்வரைக்கும் நின்றுதான் வந்தார். பேண்ட் முட்டியில் ரோட்டுத் தூசி அப்பியிருந்தது. மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வாய்க்குப் போனதைவிடச் சட்டையில் சிந்தியது அதிகம்.

நாத்தனார் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து இவள் பின்னால் நின்றாள்.

"போதும்டா" என்றாள். "இனிமே உனக்கு இந்தக் காரும் வேண்டாம், ரோடும் வேண்டாம்."

"அண்ணி சொல்றது சரிதாங்க" என்றாள் இவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று அவளே எதிர்பார்த்திருக்க மாட்டாள். "வேன் வேலை போனாப் போகட்டும். கடையிலயே இருந்துக்கலாம். நான்தான் உங்களைப் பிடிச்சுத் தள்ளினேன். எனக்கு நீங்க இருந்தாப் போதும்."

அவர் இரண்டு பேரையும் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நாளைக்குக் காலையில கிளாஸ் இருக்கு. நான் போறேன்" என்றார்.

"பூனை..."

"இல்லக்கா, சொல்றதைக் கேளு. நான் ஒழுங்காத்தான் ஓட்டினேன். இவ்ளோ பெரிய ரோட்டுல, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல. பின்னாடி லைட் போட்டதும் சிக்னல் கொடுத்து, ஓரம் கட்டி, நிறுத்தினேன். மாஸ்டர் முதுகுல தட்டிக் கொடுத்தாரு. ரோட்டுல எனக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு வந்த ஆபத்து ரோட்டுல இருந்து வரல."

எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

"மாஸ்டர் புகார் கொடுக்கணும்ங்கறாரு. அவர் கை எழுத வர மாட்டேங்குது, நான் எழுதறேன். அதுக்கு மனு இந்த ஜன்னல்லதானே?" என்று கேட்டார். அவள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்துகொண்டு சாதாரணமாகக் கேட்டார். "லிஸ்ட்ல இருந்து எடுக்காம விட்டது யாருன்னு இதுல எழுதணுமாம். உங்க ஆபீஸ்ல யாரு பார்க்கற வேலை இது?"

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிடலாம். அவர் நம்பிவிடுவார். இவள் எதைச் சொன்னாலும் நம்புகிறவர்.

"என் பேரை எழுதுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"என் பேரை முதல்ல எழுதுடா" என்றாள் நாத்தனார், இவள் தோளுக்கு மேல் குனிந்து. "நான் மூத்தவ. அவ பேரு அடுத்து."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஆள், ஜன்னல் சாத்திவிடுவார்கள், சீக்கிரம் முடியுங்கள் என்றார். அவர் மனுவைத் தன் பக்கம் இழுத்து இரண்டு பெயர்களையும் எழுதினார்.